பேர் கூப்பிட்ட பிறகு

விசுவமடுவில் நேசமலரின் படலையடியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தியவர், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் முற்றத்துக்குள் கால் வைத்தார். நீதிமன்றத்திலிருந்து வந்த ஆள். மரியாதையான மனிதர்.

"கோபாலப்பிள்ளை நேசமலர் நீங்கள்தானே?"

தகப்பன் பெயரையும் சேர்த்து யாராவது கூப்பிட்டால் நேசமலருக்குப் பயம். கோழிக்குத் தவிடு குழைத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தாள். முல்லைத்தீவு நீதிமன்றத்துக்கு வரச்சொல்லி அழைப்பாணை.

விசயம் இதுதான். நேசமலர் ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக வேலை. அரசாங்கச் சம்பளக்காரி என்று வங்கிக்காரர் வலிய வந்து ஒரு கடன் அட்டை கொடுத்தார்கள். மகள் யதுர்ஷிகா படிக்க ஒரு மடிக்கணினி, கிணற்றுக்கு ஒரு மோட்டர், பிறகு சாமான்விலை மலைபோல் ஏறிய அந்த வருசத்தில் அரிசியும் மருந்தும். எல்லாம் அந்த அட்டையில்தான். மாதாமாதம் ஆகக் குறைந்த தொகையைக் கட்டிவந்தவள், அதுதான் தவணை, கட்டக்கட்டக் கடன் குறைகிறது என்றே நம்பியிருந்தாள். அது குறையவில்லை, வளர்ந்துகொண்டு போனது. ஒரு கட்டத்தில் கட்ட ஏலாமல் விட்டுவிட்டாள். வங்கி வழக்குப் போட்டது.

"அம்மா, இது காசு வழக்கு. மறியலுக்கெல்லாம் கொண்டுபோய் அடைக்க மாட்டினம்," என்றாள் யதுர்ஷிகா.

"உனக்கு என்ன தெரியும்? பேர் எழுதிக் கூப்பிட்டிருக்கினம், பிள்ளை."

நேசமலர் பை அடுக்கத் தொடங்கினாள். மாற்றுச் சேலை, போர்வை, சவர்க்காரம், வறுத்த மா, சீனி, ஒரு தகரப் பேணி. காணி உறுதியையும் தன் காதுத் தோட்டையும் மகளின் கையில் வைத்தாள். பக்கத்து வீட்டுச் சுகந்தினியிடம் போய், "நான் வரும்வரை பிள்ளை உங்களோடை படுக்கட்டும்," என்றாள்.

நேசமலரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், பிள்ளைகளே. யுத்தம் முடிந்து, வட்டுவாகல் பாலத்தைக் கடந்து சனம் போன அந்த வைகாசியில் அவளும் போனவள். அக்கரையில் ஆமிக்காரர் ஒலிபெருக்கியில், தகப்பன் பேரும் சேர்த்துக் கூப்பிட்டார்கள். தம்பி பிரதாபன் எழும்பிப் போனான். விசாரித்துவிட்டு விடுவோம் என்று சொல்லித்தான் பஸ்சில் ஏற்றினார்கள். மாற்றிக் கட்ட ஒரு சாரம்கூட இல்லாமல், வெறுங்கையோடு ஏறிய தம்பி திரும்பி வரவில்லை. இன்றுவரை அவள் மனதில் முள்ளாய் நிற்பது அந்த வெறுங்கைதான். அதனால்தான் இந்தப் பை.

குறித்த நாளில் பஸ் அதே பாலத்தால் போனது. இரண்டு பக்கமும் தண்ணீர், கொக்குகள், வலை வீசும் ஒருவன். நேசமலர் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள்.

நீதிமன்ற வாசலில் பெண் பொலிஸ் பையைத் திறந்தாள். போர்வை வந்தது. பேணி வந்தது. சவர்க்காரம் வந்தது.

"அக்கா, கதிர்காம யாத்திரைக்கோ வெளிக்கிட்டனீங்கள்?"

பின்னால் நின்ற சனம் சிரித்தது. நேசமலர் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினாள்.

உள்ளே மர வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் சபூறா என்றொரு பெண் இருந்தாள். முல்லைத்தீவுக்காரி; இடம்பெயர்ந்து திரும்பி வந்தபிறகு, காணி எல்லைத் தகராறு ஒன்றுக்காக வருசக்கணக்காய் இந்த வாங்கைத் தேய்ப்பவள்.

"என்ன புள்ள, வீட்டையே கொண்டுவந்திருக்கிறியள்?"

"கூட்டிக்கொண்டு போனால் தேவைப்படும்."

"ஆர் கூட்டிக்கொண்டு போறது? எங்க?"

நேசமலர் பதில் சொல்லுமுன் எல்லோரும் எழும்பினார்கள். கறுப்புக் கோட்டுக்காரர், பொலிஸ்காரர், வங்கிக்காரர், கிழவர்கள், கைப்பிள்ளைக்காரிகள், எல்லோரும். இவ்வளவு சனமும் எழும்பி நின்றது ஒரு பெண்ணுக்காக. யதுர்ஷிகாவின் ரீச்சர் வயதுதான் இருக்கும். அந்தப் பெண் தலைகுனிந்து வணங்கிவிட்டு நீதிபதியின் கதிரையில் அமர்ந்தபோது, காற்றாடிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. கோயிலில் திரை விலகும் நேரத்தில்கூட இப்படியொரு அமைதியை நேசமலர் கண்டதில்லை.

பிறகு பெயர் கூப்பிடத் தொடங்கினார்கள்.

கூப்பிடுகிறவருக்கு மணிக்குரல். தகப்பன் பெயரும் சேர்த்து, மண்டபமே அதிரக் கூப்பிட்டார். முதலில் நீலச் சட்டைக்காரர் ஒருவர் எழும்பிப் போனார். ஏதோ கேட்டார்கள், ஏதோ சொன்னார். பக்கக் கதவால் வெளியே போய்விட்டார். அந்தக் கதவுக்கு அப்பால் என்ன இருக்கிறது? பஸ் நிற்கிறதோ? நேசமலர் யன்னல் பக்கம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில், அந்த நீலச் சட்டைக்காரர் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். ஊதி ஊதிக் குடித்தார். யாரோடோ சிரித்தும் கதைத்தார்.

பேர் கூப்பிட்டு எழும்பிப் போன மனிதர். தேத்தண்ணி குடிக்கிறார்.

அடுத்துக் கூப்பிட்ட பெண்ணையும் பார்த்தாள். அவள் வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு கைத்தொலைபேசியில் யாரையோ ஏசினாள். அடுத்த கிழவர் வெற்றிலை போட்டார். சூரியன் உதிப்பதை முதல்முறை காணும் குழந்தைபோல நேசமலர் யன்னலை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"கோபாலப்பிள்ளை நேசமலர்!"

"இருக்கிறன்," என்று பையோடு எழும்பினாள்.

நீதிபதி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "வங்கிக்குக் கடன் இருக்கிறதை ஒத்துக்கொள்ளுறீங்களா?"

"ஓம் அம்மா. எடுத்தனான். கட்ட மனமில்லாமல் இல்லை. ஏலாமல் போச்சு."

"மாதம் எவ்வளவு உங்களால கட்டலாம்?"

அவள் தன்னால் முடிந்ததைச் சொன்னாள். வங்கியின் சட்டத்தரணி எழும்பி, வங்கியோடு கதைத்துச் சொல்லத் தவணை கேட்டார். நீதிபதி எதையோ எழுதினார். இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்றும் சொன்னார். "அடுத்த மாதம் வழக்கு. கட்டாயம் வரவேணும். இப்ப நீங்கள் போகலாம்."

நேசமலர் அசையவில்லை.

"அம்மா, போகலாம்," என்றார் மணிக்குரல்காரர்.

"எங்கை ஐயா?"

மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. நீதிபதி சிரிக்கவில்லை. அவருடைய கண் நேசமலரின் பையில், போர்வை பிதுங்கி நின்ற இடத்தில் ஒருகணம் நின்றது. பேனையைக் கீழே வைத்தார். சிரிப்பு அடங்கியது.

"வீட்டை, அம்மா," என்றார் நீதிபதி. "உங்கட வீட்டை போங்கோ."

அன்றைக்கு அவர் எத்தனையோ பேருக்குச் சொன்ன சாதாரணச் சொல்தான் அது. ஆனால் பக்கக் கதவால் வெளியே வந்த நேசமலருக்கு, வெயிலும் வேப்பமரமும் தேத்தண்ணிக் கடையும் புதிதாய்ப் படைத்து வைத்ததுபோல் இருந்தன. பையை இறக்கி வைத்தாள். தன் வழக்கும் இன்னொரு நாளுக்குத் தவணை போனதென்று ஏசிக்கொண்டே வந்த சபூறாவுக்கு, பேணியில் மாவும் சீனியும் குழைத்து நீட்டினாள்.

"நல்ல ருசி புள்ள. அடுத்த தவணைக்கும் கொண்டு வாங்க," என்றாள் சபூறா. "போர்வை மட்டும் வேணாம்."

நேசமலருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் நிறைந்தது.

பின்னேரப் பஸ் வட்டுவாகல் பாலத்தில் ஏறியபோது தண்ணீர் முழுக்கப் பொன்னாய்க் கிடந்தது. காலையில் பாராத பக்கமெல்லாம் பார்த்தாள். கூப்பிட்ட இடத்துக்குப் போய்விட்டு, கூப்பிட்டவர்களே போகச்சொல்ல, பகல் வெளிச்சத்தில் அந்தப் பாலத்தால் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். இப்படியும் ஒரு முறை உலகத்தில் உண்டு. எல்லோருக்கும் உண்டு. பிரதாபனுக்கும் இருந்திருக்க வேண்டும். போர்வையின் மேல் கையை வைத்தபடி, பாலம் முடியும்வரை தம்பியை நினைத்துக்கொண்டு வந்தாள்.

படலையடியில் யதுர்ஷிகா நின்றாள். தாயைக் கண்டதும் ஓடிவந்து பையை வாங்கினாள்.

"என்னம்மா சொன்னவை?"

"கடனைக் கட்டத்தான் வேணும். அடுத்த மாதமும் கூப்பிடுவினம்."

"போவீங்களோ?"

"போவன் பிள்ளை," என்றாள் நேசமலர். "காலமை போனால் பின்னேரம் வந்திடலாம். கோழியைக் கூட்டுக்குள்ளை விட்டனியோ?"