எழுத்தின் அளவு

அப்பா நாற்பத்தொரு சதவீதத்தில் இருந்தார்.

போனில் யார் கேட்டாலும் அம்மா இதைத்தான் சொன்னாள். "இப்ப எப்படி இருக்காரு?" என்றால், "நாப்பத்தொண்ணு" என்பாள். எதிர்முனை, பிழைக்கும் வாய்ப்பா, மூச்சுக்காற்றின் அளவா என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, "சரி, நல்லபடியா வந்துருவாரு" என்று வைத்துவிடும். சித்தப்பா மட்டும், "போன வாரத்துக்கு இது கூடவா கொறச்சலா அண்ணி?" என்று கேட்டார். "கூடத்தான்" என்றாள் அம்மா. அவர் சந்தோஷப்பட்டார்.

அம்மா சொன்னது புத்தகத்தை. தீவிர சிகிச்சைப் பிரிவில், தொண்டையில் குழாயும் தலைமாட்டில் மூச்சு விடும் இயந்திரமுமாகப் படுத்தபடி அப்பா ஒரு நாவலில் நாற்பத்தொரு சதவீதம் கடந்திருந்தார். மூச்சை இயந்திரம் பார்த்துக்கொண்டது. படிப்பதை மட்டும் அவர் சொந்தமாகச் செய்கிறார் என்று எங்கள் குடும்பம் நம்பியது.

புத்தகம் இருந்தது என்னுடைய பழைய டச் போனில். சிம் கிடையாது, மூலையில் விரிசல், கூப்பிட்டாலும் கேட்காது, பேசவும் பேசாது. தூக்கி எறியப்போனதை அப்பா வாங்கி, நாவல் படிக்க வைத்துக்கொண்டார். சட்டைப்பையில் அடங்குகிற புத்தகம் வேண்டும் அவருக்கு. அவர் பஸ் கண்டக்டர். கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்புவதற்குள் நாலு பக்கம் படிப்பார். கதை ஒரு கப்பலைப் பற்றியது. போக வேண்டிய ஊருக்குப் போகாமல் அது எங்கெங்கோ போய்க்கொண்டே இருக்கும். ஸ்டாப்பே இல்லாத வண்டி என்பதால் கண்டக்டருக்குப் பிடித்துப்போயிருக்கலாம்.

பக்கத்தைத் திருப்ப அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். டிக்கெட் கிழித்தே வளர்ந்த விரல், அதற்கு வேறு வழி தெரியாது.

"எச்சில் பட்டா டச் வேல செய்யாதுப்பா."

"எச்சில் தொடாம திருப்புறதுக்குப் பேரு புத்தகமாடா?"

திரையில் எங்கே தொட்டாலும் அடுத்த பக்கம் வரும்படி மாற்றிக் கொடுத்தேன். பின்னால் போவது எப்படி என்று காட்டப் போனபோது, "ரிவர்ஸ் எல்லாம் டிரைவர் வேலை" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். அம்மாவுக்கு அந்தப் போனைக் கண்டாலே ஆகாது. "என் கன்னத்தக்கூட இந்த மனுஷன் இப்படித் தடவுனதில்ல" என்பாள், எங்கள் முன்னாலேயே.

இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவில், தன் சீட்டில் உட்கார்ந்தபடியே, அப்பாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். மீதிச் சில்லறை தராமல் நடிக்கிறார் என்று ஒருவர் மட்டும் நினைத்து, தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறார். அந்தப் புண்ணியவானால்தான் விஷயம் தெரிந்தது. போன் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

மருத்துவமனையில் காலை அக்கா, மதியம் அம்மா, மாலை நான் என்று ஒவ்வொருவராக உள்ளே விட்டார்கள். காகிதப் புத்தகத்துக்கு அனுமதி இல்லை, கிருமி சேரும். "அந்தப் போன வேணா ஸ்பிரிட் போட்டுத் தொடச்சிட்டுக் கொண்டாங்க" என்றார் சிஸ்டர். அப்பாவின் கைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, அதில் போனைச் சாய்த்து, ஈரப் பஞ்சால் கட்டைவிரலைத் தொட்டுவிட்டு அம்மா காத்திருந்தாள். விரல் எழுந்து விழுந்தது. பக்கம் திரும்பியது.

அம்மா வராந்தாவுக்கு ஓடி வந்தாள். "படிக்கிறாருடா!"

பெரிய டாக்டர் பொறுமையான பெண்மணி. எங்களை உட்கார வைத்து, படம் வரைந்து, விரல் அசைவது வெறும் துடிப்பு, மூளை சொல்லி நடப்பதில்லை என்று விளக்கினார். இயந்திரத்தை எடுத்துவிடுவதுதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய நல்லது என்றார். அம்மா முழுவதையும் தலையாட்டிக் கேட்டாள்.

"சரி டாக்டர். ஆனா எதையும் பாதியில விடுற ஆள் இல்ல அவரு. புத்தகத்த முடிக்கட்டும். முடிச்ச அன்னிக்கு நீங்க சொல்றபடி செய்யறேன். சத்தியமா."

"இன்னும் எத்தன பக்கம் இருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அது எழுத்தோட அளவப் பொறுத்தது டாக்டர்" என்றேன். படித்த படிப்பில் இப்படியொரு பதிலை அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

ஆனால் நான் சொன்னது உண்மை. காகிதத்தில் ஒரு பக்கம் என்றால் ஒரு பக்கம்தான். போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கத்தில் கொஞ்சம் சொற்களே அடங்கும், பக்கங்கள் பெருகும். சிறிதாக்கினால் குறையும். அதே கப்பல், அதே கடல். விரல் துடிக்கும் வேகமும் மாறுவதில்லை. ஆக, அப்பா இன்னும் எத்தனை நாள் இருப்பார் என்பது திரையின் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் குமிழை இழுப்பதில் இருந்தது.

இதை என்னைத் தவிர இன்னொருவரும் கண்டுபிடித்திருந்தார்.

நாற்பத்தொன்றிலேயே அப்பா நின்றுவிட்டார். ஒரு மாலை நான் போனபோது எழுத்துகள் மருந்துக்கடைப் பலகையில் இருப்பதுபோல் நின்றன. பக்கத்துக்கு ஐந்து வரி. அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கேட்டதற்கு, "அப்பாவுக்குப் படிக்க ப்ளஸ் ரெண்டு பவர். குழாய் இருக்கறதால கண்ணாடி மாட்ட முடியல. எழுத்தத்தான் பெருசாக்கணும்" என்றாள், வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல.

என் முறை வந்தபோது குமிழை மறுபக்கம் இழுத்தேன்.

காரணம் இருந்தது. மாலையில்தான் அப்பாவைப் புரட்டிப் போடுவார்கள். ஒரு பக்கம் வார்டு ஊழியர் பிடிப்பார், மறுபக்கம் நான். முதுகின் அடியில் ஒரு புண் வந்திருந்தது. முதலில் சிவப்பு, பிறகு கருப்பு, பிறகு உள்ளே வழி தெரிந்தது. தொண்டைக் குழாயில் சளி உறிஞ்சும்போது உடம்பு முழுக்க வில்லாக வளைந்து விழும். அதுவும் துடிப்புதான் என்றார்கள். விரல் அசைந்தால் படிப்பு, முதுகு வளைந்தால் துடிப்பு என்று என்னால் பிரித்துக்கொள்ள முடியவில்லை. காலையில் அக்காவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் வரும்போது அப்பாவைத் துடைத்து, தலை சீவி, போட்டோவுக்கு உட்கார்ந்தவர்போல வைத்திருப்பார்கள்.

இப்படியாக அக்கா பெரிதாக்கினாள், நான் சிறிதாக்கினேன். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மதியம் வந்த அம்மா சாயங்காலமும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "மத்தியானம் அகல அகலமா எழுதியிருக்கான், சாயங்காலம் எறும்பு மாதிரி எழுதியிருக்கான். யாருடா இவன், குடிகாரனா?" என்று நாவலாசிரியரைத் திட்டினாள்.

ஐம்பத்தெட்டு சதவீதத்தில் எனக்குப் பயம் வந்தது. ஒருவேளை நிஜமாகவே படிக்கிறார் என்றால்? படித்துக்கொண்டிருக்கும் மனிதரின் பக்கங்களைத் திருடி அவரைச் சீக்கிரம் அனுப்பி வைக்கிற மகன் நான்.

அதனால் ஒரு பரீட்சை வைத்தேன். நாவலை மூடிவிட்டு, எங்கள் வாஷிங் மெஷினின் கையேட்டை அதே போனில் ஏற்றித் திறந்து அவர் விரலுக்குக் கீழே வைத்தேன். எங்கள் வீட்டில் அந்த மெஷினைவிட அவர் வெறுத்த பொருள் கிடையாது. ஓடும்போது அது சமையலறை வரை நடந்து வரும். படிக்கிறவராக இருந்தால் விரல் நின்றுவிடும். அல்லது பிடிக்காமல் வேகம் எடுக்கும். ஏதாவது ஒன்று நடக்கும்.

அப்பா முன்னுரையைத் திருப்பினார். பாகங்களின் படத்தைத் திருப்பினார். மெஷினின் கால்களைச் சமமாக நிறுத்தும் முறையை, அது எங்களுக்குத் தெரியாததால்தான் மெஷின் நடந்தது, அதே நிதானத்தோடு திருப்பினார். அப்புறம் கையேடு வேறு மொழிக்குப் போனது. அப்பாவும் போனார். பிறகு சீனம் போல ஒரு மொழி வந்தது. எங்கள் அப்பா, பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், சீனத்தை ஒரு பக்கம்கூடத் தயங்காமல் படித்தார்.

நான் நாவலைத் திரும்ப வைத்துவிட்டு வெளியே வந்தேன். படியிறங்கும்போது சிரிப்பு வந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு வந்தது சிரிப்பு இல்லை.

அடுத்த நாள் காலையில் லிப்டுக்குப் பக்கத்தில் அக்காவைப் பிடித்தேன்.

"எழுத்த ஏன் பெருசாக்குறன்னு எனக்குத் தெரியும்."

"நீ ஏன் சின்னதாக்குறன்னு எனக்கும் தெரியும். அவ்ளோ அவசரமாடா உனக்கு? பரீட்சை கிரீட்சை இருக்கா?"

"ஒரு நாள் சாயங்காலம் வந்து அவரு முதுகப் பாரு."

"பாக்க மாட்டேன்."

"பாக்காம இருக்கற வரைக்கும் நல்லாத்தான்க்கா இருக்கும்."

"அந்தக் கப்பல் கரைக்கு வந்தா அப்பா இல்லடா!" என்று கத்தினாள். லிப்டுக்காக நின்றவர்கள் படியில் ஏறத் தொடங்கினார்கள்.

நான் கையேட்டைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் மெதுவாக, "சீனத்தையுமா?" என்றாள்.

"சீனத்தையும்."

அக்காவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள், தோள் குலுங்கியது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனாலும் எந்த இடத்தில் அது அழுகையானது என்று சொல்ல முடியாது.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றாள் கடைசியில். "முடியறப்ப முடியட்டும். ஆனா நீயும் தொடாத, நானும் தொடல. அப்பா எந்த அளவுல வச்சிருந்தாரோ அதுல விட்டுடு."

அப்பா வைத்த அளவு எது என்று எனக்கு நினைவிருந்தது. நான் கேலி செய்த அளவு. கொஞ்சம் பெரியது, ஆனால் அக்கா அளவுக்குப் பெரியது இல்லை. அங்கே குமிழை நிறுத்தினேன். அதற்கப்புறம் கப்பல் தன் வேகத்தில் போனது. எழுபதில் சித்தப்பா வந்து பார்த்தார். எண்பத்தைந்தில் புண்ணின் வாடையை மறைக்க ஜன்னலோரம் ஏதோ தெளித்தார்கள். அக்கா ஒரு மாலை என்னோடு வந்து, முதுகைப் பார்த்தாள். மறுபக்கம் போய்ப் பிடித்தாள்.

தொண்ணூற்றெட்டு ஆன மதியம் பெரிய டாக்டர் எங்கள் மூவரையும் சேர்த்து உள்ளே விட்டார். அம்மா பஞ்சை நனைத்து விரலைத் தொட்டாள். விரல் விழுந்தது. எழுந்தது. கப்பலில் என்ன நடக்கிறது என்று யாரும் படிக்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தோம்.

நூறு வந்தது. அதோடு போன் விட்டுவிடும் என்று நினைத்தேன். விடவில்லை. 'புத்தகம் பிடித்ததா?' என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்களை வரிசையாகக் காட்டியது. விரல் இன்னொரு முறை விழுந்தது. ஒரே ஒரு நட்சத்திரம் மஞ்சளானது. 'உங்கள் கருத்துக்கு நன்றி.'

அம்மா குனிந்து பார்த்தாள். "ஒண்ணுதான் குடுத்திருக்காரா?"

நான் தலையாட்டினேன்.

"அப்ப அவருக்குப் பிடிக்கல." நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தாள். முகத்தில் எப்படியோ வெளிச்சம் வந்துவிட்டது. "பிடிக்காத கதையோட எப்படி டாக்டர் அனுப்புறது? டேய், வேற புத்தகம் போடு. நல்லதா, பெருசா ஒண்ணு."

டாக்டர் என்னைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். போனில் பெரிய புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைத் தொட்டால் போதும், இன்னொரு சுற்று. இன்னொரு புண்.

"அம்மா," என்றேன். "நான் ஒரு நாள் நம்ம வாஷிங் மெஷின் புத்தகத்த வச்சேன். அதையும் இதே மாதிரிதான் திருப்பினாரு. நமக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாத பாஷையிலயும் அதுல பக்கம் இருந்துச்சு. அதையும் திருப்பினாரு."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு எத்தன ஸ்டார் குடுத்தாரு?"

"அது ஸ்டார் கேக்காதும்மா."

அவள் தலையாட்டினாள். போனை அப்பாவின் விரலுக்குக் கீழிருந்து எடுத்து, விரிசல் இருந்த மூலையைத் துடைத்து அக்காவிடம் கொடுத்தாள். விரல் நிற்கவில்லை. வெறும் துண்டின் மேல் எழுந்து விழுந்தது. அம்மா அதைச் சற்று நேரம் கவனித்தாள். பிறகு பஞ்சால் தன் உள்ளங்கையை ஈரமாக்கி, அந்த விரலுக்குக் கீழே வைத்தாள்.

கட்டைவிரல் அதையும் திருப்பியது.

"இன்னும் டூட்டியிலதான் இருக்காரு டாக்டர்," என்றாள் அம்மா, கையை எடுக்காமல். "எறக்கி விட்டுடுங்க."