ஏரியில் ஐந்தாவது ஆள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கப் போன நாலு பெண்களின் கதை சொல்கிறேன். நடுவில் பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், முடிவு வரை நான் கூட்டிப்போகிறேன்.

அவர்களில் ஒருத்தி ஜெயம்மா. அவள் மகள் வினோதினி மூன்று வருடம் பஸ் ஏறிப் போய் பி.ஏ. வரலாறு படித்தவள். படித்து முடித்து எட்டு மாதம் ஆகியும் வேலை இல்லை. இறால் உரிக்கும் கம்பெனிக்கு ஆள் சேர்க்கும் மணிகண்டனிடம், "திங்கக்கெழமை வேன்ல எம் பொண்ணு ஏறிடும்"னு ஜெயம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். அதே திங்கட்கிழமை சென்னையில் வினோதினிக்கு ஒரு இன்டர்வியூ. புயல், வெள்ளத்தைப் பற்றிக் கரையோர ஜனங்கள் சொல்வதைக் கேட்டு எழுதும் வேலை.

ஞாயிறு காலை ஏரிக்கு நடக்கும்போதும் அதே பேச்சுதான்.

"கேட்டு எழுதறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்? காலேஜ்ல இன்னாதான் சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒருத்தர் ஒண்ணு சொன்னா, எங்க நின்னு பாத்தீங்கன்னு மொதல்ல கேக்கணும்மா. நாலு பேரைத் தனித்தனியா கேட்டு, ஒண்ணோட ஒண்ணு வெச்சுப் பாக்கணும்."

"அதைக் கோர்ட்டுலயே கேக்கறாங்களே," என்றாள் கூட வந்த அம்மணி. நாலாவதாக வந்த சாந்தி சிரித்தாள்.

இறால் தடவும்போது இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்த இறாலைப் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், அதனால் பேச முடியாது. பனி மூடினால் ஏரிக்குள் தள்ளி நிற்பவள் "ம்ம்" என்பாள், அடுத்தவள் "ம்ம்" என்பாள், கரைக்குக் கிட்டே நிற்பவள் கடைசியாகச் சொல்வாள். கடைசி சத்தத்தைப் பார்த்து எல்லோரும் நடந்தால் கரை வந்துவிடும். அவர்கள் அறிந்த நாளாக இதுதான் வழி.

அன்றைக்கு ஒரே மூச்சில் பனி இறங்கியது. தன் கை தனக்குத் தெரியவில்லை. ஜெயம்மா "ம்ம்" என்றாள். அம்மணி, வினோதினி, கடைசியாக சாந்தி.

அதற்கப்புறம் இன்னொரு "ம்ம்" வந்தது.

வேறு ஊர்க்காரி யாரோ கரைப் பக்கம் நிற்கிறாள் என்று ஜெயம்மா நினைத்தாள். பழகிய கால் அந்தப் பக்கம் திரும்பியது. மறுபடி சத்தம் கொடுத்தாள். தன்னோடு சேர்த்து நாலு வந்தது, ஐந்தாவதும் வந்தது, இன்னும் கிட்டே, இன்னும் அன்பாக. நடந்தாள். இடுப்பில் இருந்த தண்ணீர் வயிற்றுக்கு வந்தது. அப்புறம் மார்புக்கு. குறைய வேண்டிய தண்ணீர் ஏன் ஏறுகிறது என்று நெஞ்சு கேட்டது, கால் கேட்கவில்லை.

தண்ணீரில் ஏதோ தொப்பென்று விழுந்தது. வினோதினி பறியைத் துப்பிவிட்டாள்.

"நடக்காதீங்க. எம்மா, தண்ணி எது வரைக்கும் இருக்கு?"

பேசினால் கயிறு நழுவிவிடும். ஆனாலும் ஜெயம்மா வாயைத் திறந்தாள், அவள் பறியும் போயிற்று. "மாருக்கு."

"அம்மணி அத்த?"

"இடுப்புக்கு மேல."

"சாந்தி சித்தி?"

"முட்டிதான்டி."

"எனக்குத் தொடை. அடுத்து யாரு? நீங்க எங்க நிக்கிறீங்க?"

 பிறகு ஜெயம்மாவின் காதோரம், அடுப்படியிலிருந்து பதில் சொல்வதுபோல், ஒரு பெண் குரல் சாதாரணமாகச் சொன்னது:

"கால் எட்டலம்மா."

எல்லோருக்கும் அது கேட்டது. வினோதினி விடாமல் கேட்டாள். "யாரு வூட்டுப் பொண்ணு நீங்க?"

"சுண்ணாம்புக்குளம் ஊரு. ரங்கம்மா." அப்புறம், "நான் முழுகினப்போ யாரும் இறங்கி வரலியே," என்றது.

"எல்லாரும் சித்தி பக்கம் நடங்க. சித்தி, பேசிக்கினே இரு. இன்னா வேணா பேசு."

சாந்தி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். மாமியாரைத் திட்டினாள், ரேஷன் அரிசியைத் திட்டினாள். அந்தத் திட்டைப் பிடித்துக்கொண்டு மற்ற மூவரும் வந்தார்கள். முட்டி, கெண்டைக்கால், பிறகு ஈர மணல்.

பனி விலகியபோது பார்த்தார்கள். அவர்கள் போய்க்கொண்டிருந்த பக்கம், ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் போகும் ஆழமான வாய்க்கால். அங்கே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் இருந்தது. ஆள் இல்லை. வினோதினி ஒதுங்கி உட்கார்ந்து, ஈரக் கையைக் கரையில் விட்டிருந்த துண்டில் துடைத்து, அங்கே வைத்திருந்த போனில் ரங்கம்மா என்று எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதை ஜெயம்மா பார்த்தாள்.

ஜெயம்மா வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை. மகளின் போனை வாங்கி அங்கேயே மணிகண்டனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்கு எம் பொண்ணு வேன்ல வராது."

"இன்னாக்கா, கலெக்டர் ஆயிட்டாளா?"

"இல்லப்பா. அவ வேலைக்கு அவ போறா."

"அது இன்னா வேலை?"

"செத்தவங்க கிட்டயே கேட்டுட்டா. உசுரோட இருக்கறவங்க கிட்ட கேக்கறதுக்கு யாராச்சும் சம்பளம் குடுப்பாங்க," என்று சொல்லி வைத்துவிட்டாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்கு மகளோடு தானும் வந்து நின்றாள்.

வேலை கிடைத்தது, கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலிலிருந்து காலையில் எத்தனை ஜோடிச் செருப்பு கிளம்புகிறதோ, அத்தனையும் பொழுது சாயும் முன் திரும்பி வரட்டும். வீடு நிறைய ஆள் இருக்கட்டும், எல்லோரும் நல்லா இருங்கள்.