சேர்வர் விழுங்கிய மூன்று மடல்கள்

2007இல் வெள்ளவத்தையில் மஜீட் நானாவின் கொமினிகேசன் கடையில் மெயில் சேர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். லொட்ஜுகளில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து ஆட்கள் பலருக்கு எங்கள் கடை முகவரிதான் மின்னஞ்சல் முகவரி.

நான் கொட்டாஞ்சேனைக்காரன், வாயும் நீளம், தலைக்கனமும் அதிகம். அனுப்பியவர், பெறுபவர், திகதி என்ற தலைப்பு வரிகளில் ஒன்று குறைந்தாலும் மடலைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்படி சேர்வருக்குக் கட்டளை எழுதியிருந்தேன். திருப்பி அனுப்பினால் குப்பை மடல்காரர் மோப்பம் பிடித்துவிடுவார்கள் என்பது என் கெட்டித்தனம். அனுப்பினவனுக்கு ஒரு சொல் சொல்ல வேண்டாமா என்று நானா கேட்டார். உங்களுக்கு இது விளங்காது என்றுவிட்டேன்.

றஞ்சிதம் அக்கா பாமன்கடை லொட்ஜில் இருந்தார். கணவர் வெளிநாட்டில். விசாவுக்கான நேர்முகத் திகதியைத் தூதரகம் மின்னஞ்சலில் அனுப்பும். அந்தக் கடிதத்தைக் காட்டினால்தான் பொலிஸ் கொழும்பில் இருக்க விடும். ஊருக்குத் திரும்பலாமென்றால் சண்டையால் யாழ்ப்பாணப் பாதை பூட்டு. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும் என்ற நிலை. காலையில் கடை திறக்கும்போதே வந்து நிற்பார். வரவில்லை என்பேன். ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

பிறகு வந்தபோது, வெள்ளிக்கிழமைக்குள் லொட்ஜைவிட்டுப் போகச் சொல்லிப் பொலிஸ் சொல்லிவிட்டது என்றார். மனம் கேளாமல் சேர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். தூதரகத்திலிருந்து மூன்று மடல்கள் வந்திருந்தன. மூன்றிலும் திகதி வரி இல்லை. மூன்றும் அழிக்கப்பட்டிருந்தன.

போன மாதம், ஒரு கட்டம் நிரப்பவில்லையென்று கொழும்புத் தமிழர் பொலிஸில் கொடுக்கவேண்டிய பதிவுப் படிவத்தைத் திருப்பித் தந்த பொலிஸ்காரனை வீதி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தவன் நான். அவனாவது முகத்துக்கு நேரே சொன்னான்.

திகதி இல்லாவிட்டால் வந்த நேரத்தைப் போட்டு உள்ளே விடும்படி கட்டளையை மாற்றினேன். தூதரகத்துக்கும் எழுதினேன். மத்தியானம் பதில் வந்தது: நேர்முகத்துக்கு வராததால் விசா விண்ணப்பக் கோவை மூடப்பட்டது.

அச்செடுத்துக் கொடுத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"பிழையா வந்திருந்தாலும் நான் வாசிச்சிருப்பன், தம்பி," என்றார்.

தாளின் மேல்வரியில் விரலை வைத்தார்.

"மேல தூதரகத்தின்ர பேர் கிடக்குத்தானே. பொலிஸுக்கு இதைக் காட்டலாமோ?"

காட்டலாம் அக்கா என்றேன்.