கறுப்புக் கோடு

"அது கீறல், ஆர்லீன். பிலிம் கழுவுற உன் டிரம்தான் கீறியிருக்கும்," என்றான் என் கணவன் கார்டி, பிலிமைச் சரியாகப் பார்க்காமலே.

மாடிக் குளியலறைக் கொடியில் அது சொட்டிக்கொண்டிருந்தது. தபால் அட்டை அகலமுள்ள ஒற்றைப் பிலிம். செவ்வாய்க்கிழமை அந்தி சாயும்போது ஜன்னலில் காமிராவை வைத்து, கொல்லையிலிருக்கும் விறகுக் கொட்டகையையும் பின்னால் ஏரியையும் நோக்கி நாற்பது நிமிடம் லென்ஸைத் திறந்து வைத்திருந்தேன். அவ்வளவு நேரத்தில் நடமாடும் ஆள் யாரும் படத்தில் பதிய மாட்டார்கள். கொட்டகை பதிந்திருந்தது, முதல் பனி பதிந்திருந்தது. கொட்டகை வாசலில், உட்கார்ந்திருப்பவனின் வாய் உயரத்துக்கும் முழங்காலுக்கும் நடுவே, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஏறி இறங்கி, ஏறி இறங்கியிருந்தது.

கீறினால் பிலிமில் அந்த இடம் வெளுத்துப்போகும். நெகட்டிவில் கறுப்பாக விழுவது வெளிச்சம் மட்டும்தான். முப்பது வருடமாக எனக்கு டிரம் உருட்டிக் கொடுப்பவனுக்கு இது தெரியாதா?

மார்ச்சில் அவன் நெஞ்சைப் பிளந்து தைத்தார்கள். இனி ஒரு சிகரெட்கூட ஆகாது என்று டாக்டர் சொன்னபோது என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தான். அன்றிலிருந்து அவன் சட்டையை மோந்து பார்க்காமல் துவைக்கப் போட்டதில்லை. எனக்கே வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயம் அதைவிடப் பெரிது.

"செவ்வாய்க்கிழமை விறகெடுக்கப் போனியா?"

"போனேன். விறகு தானா நடந்து வருமா?"

"எவ்வளவு நேரம் இருந்த?"

"விறகுக்குப் போறவன் கடிகாரம் கட்டிக்கிட்டா போவான்?"

"புதன்கிழமையும் அதே நேரத்துக்கு ஒண்ணு எடுத்தேன். அதையும் கழுவிப் பாத்துடலாம்."

அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

துணி அலமாரிக்குள் நின்று, கதவிடுக்கில் துண்டைத் திணித்து, இருட்டில் தடவித் தடவிப் பிலிமை டிரம்முக்குள் நுழைத்தேன். மூடிவிட்டால் உள்ளே வெளிச்சம் புகாது. டெவலப்பரை ஊற்றி உருட்டினால் படம் வரும், பிறகுதான் ஃபிக்ஸர். அதை முதலில் ஊற்றினால் இருப்பதெல்லாம் கரைந்து போய்விடும். வெளியே வரவும் தொலைபேசி அடித்தது. சிகாகோவிலிருந்து எங்கள் மகள் டெஸ்.

"நீ பேசு, நான் உருட்டுறேன்," என்று கை நீட்டினான். கொடுக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கொடுத்துவிட்டேன்.

"அப்பா எப்படிம்மா இருக்காரு?" என்றாள் டெஸ்.

"நல்லா இருக்கேன்னு சொல்றாரு."

பேசி முடித்துவிட்டு வந்தபோது பிலிமை அலசிக்கொண்டிருந்தான். அதில் ஒன்றுமே இல்லை. கொட்டகையும் இல்லை, ஏரியும் இல்லை.

"பாட்டில் மாறிப்போச்சு. வயசாகுதில்ல."

ஃபிக்ஸர் பாட்டிலில் சிவப்பு டேப் ஒட்டியது அவனேதான். அதன் புளித்த நெடி மூக்கில் ஏறாமல் யாராலும் மூடியைத் திறக்க முடியாது.

"மாறிப்போச்சா?"

"மாறிப்போச்சு, ஆர்லீன்." கையைத் துடைத்துக்கொண்டு, விறகு தீர்ந்துவிட்டது என்று படியிறங்கிப் போனான். அடுப்பருகே விறகு முழங்கால் உயரம் அடுக்கியிருந்ததை நான் காலையில்தான் பார்த்தேன்.

ஈரப் பிலிமின் ஓரத்தைப் பிடித்து ஜன்னலில் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடி போல இருந்தது. அதன் வழியே கொல்லை தெரிந்தது, பனி தெரிந்தது, கொட்டகை வாசலில் கார்டி தெரிந்தான். ஏரிக் காற்றுக்கு முதுகைக் காட்டி, குளிருக்குத்தானோ என்னவோ, இரண்டு கைகளையும் முகத்தருகே குவித்துக்கொண்டு நின்றான்.