ஜும்ஆ நேரத்துக்கு யார் காவல்?

முப்பத்திரண்டாம் வருஷம், கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பள்ளிவாசலுக்குப் பின்னால் இறங்கும் ஒழுங்கையில், ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் றமீலாவின் இரண்டு காதுகளும் கிழிந்தன. தோட்டின் திருகைக் கழற்ற அவனுக்குப் பொறுமையில்லை. பிடித்து இழுத்தான், வந்துவிட்டது.

அவன் பிலிமத்தலாவைச் சண்டியன். பெயர் என்ன, மதம் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. எல்லாச் சனத்திடமும் பாரபட்சமில்லாமல் பறிப்பான். அந்த விஷயத்தில் அவனைப் போல நியாயவான் கண்டிச் சீமையிலேயே கிடையாது. மீசையின் ஒரு நுனி பேராதனையிலும் மறுநுனி மாத்தளையிலும் கிடக்கும் என்பார்கள். நான் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் ஆள் கெட்டிக்காரன். ஒழுங்கை ஆம்பிளைகள் அத்தனை பேரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிக்குள் போய்ச் சேரும்வரை பாலத்தடியில் பீடி குடித்துக்கொண்டு காத்திருந்தவன்.

மஸீனாவுக்கு வயிறு எரிந்தது தோட்டுக்காக அல்ல. அவள் றமீலாவுக்கு மூத்தவள். தங்கை வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். வேலிக்கு இந்தப் பக்கம் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் தங்கையின் காது கிழிந்திருக்கிறது. ஒரு சத்தம் கேட்கவில்லை.

"ஏன்டி கத்தல்ல?" என்று கேட்டாள், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு. "ஒரு சத்தம் போட்டீந்தா நான் வேலியப் பிச்சிட்டு வந்தீப்பேனே!"

றமீலாவின் கீழுதட்டில் அவளே கடித்த பல்லடையாளம் நீலமாக இருந்தது. மூச்சோடு மூச்சாகச் சொன்னாள்.

"ரோட்டுல அந்நிய ஆம்பிளைங்களுக்குக் கேக்கும் தாத்தா."

கண்டிச் சோனகர் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். அந்தத் தாத்தாவுக்கு அப்போது தலையில் அடித்துக்கொள்வதா, தங்கையை அடிப்பதா என்று தெரியவில்லை. பொம்பிளையின் குரல் வாசற்படி தாண்டக்கூடாது என்று ஊரே சேர்ந்து வளர்த்த பிள்ளை. காது கிழியும்போதும் ஒழுக்கமாகக் கிழியவிட்டிருக்கிறாள்!

"வளையலும் கேட்டான்," என்றாள் றமீலா. "கழரல்ல. அடுத்த வெள்ளி வருவானாம். கழட்டி வைக்காட்டிக் கையோட கொண்டு போவானாம்."

அவ்வளவுதான் அவள் பேசியது. அதற்குப் பிறகு குசினி மூலையில் போய்க் குந்தியவள், கொழும்புக்கு யாபாரத்துக்குப் போயிருந்த புருஷனுக்குச் சொல்லியனுப்பவா என்று கேட்டதற்குக்கூட வேண்டாமென்று தலையைத்தான் ஆட்டினாள்.

அன்று மாலை அஸர் தொழுகை முடிந்ததும் ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வீட்டு விறாந்தையில் கூட்டம் கூடியது. ஹாஜியார்தான் பள்ளிவாசலுக்கும் ஒழுங்கைக்கும் பெரியவர். கறுவாப்பட்டை விற்றுப் பெரியவரானவர். பேச்சிலும் அந்த வாசமும் உறைப்பும் இருக்கும். ஆம்பிளைகள் கதிரைகளில் அத்தர் மணக்க உட்கார்ந்தார்கள். பெண்கள் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றார்கள்.

தீர்மானங்கள் மளமளவென்று விழுந்தன. பொம்பிளைகள் கிணற்றடிக்குத் தனியே போகக்கூடாது. ஜன்னல் திறக்கக்கூடாது. நகையெல்லாம் அலுமாரிக்குள். றமீலாவை அக்குறணைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அத்தோடு ஒரு காவற்கூட்டம். ஊரில் மீசை முளைத்த அத்தனை பேரும் கையில் பொல்லுத்தடியோடு.

"அப்ப களவெடுத்தவன் ரோட்டுல உலாத்துவான், காது போனவ கட்டிலுக்குக் கீழ ஒளிக்கணும். நல்ல தீர்ப்பு!" என்றாள் மஸீனா திரைக்குப் பின்னாலிருந்து.

அவள் புருஷன் மக்கீன் கதிரையில் நெளிந்தார். பாலத்தடியில் பலசரக்குக் கடை வைத்திருந்த நல்ல மனுஷன். மனைவியின் வாயைப் பற்றி அவருக்குப் பெருமையும் பயமும் சரிபாதி.

"ஆரது?" என்றார் ஹாஜியார்.

"மஸீனாதான். ஒரு கேள்வி ஹாஜியார். ஜும்ஆ நேரத்துக்கு ஆரு காவல்?"

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அந்த நேரம் எல்லாரும் பள்ளியில ஈப்போமே புள்ள."

"அவன் வந்ததும் அந்த நேரந்தானே? வாறன்டு செல்லீட்டுப் போனதும் அந்த நேரத்துக்குத்தானே?"

பள்ளியில் தொழவைக்கும் லெப்பை தொண்டையைச் செருமிக்கொண்டு, காவல் நிற்கிறவர்களுக்கு ஜும்ஆவில் சலுகை உண்டு, வீட்டில் நடுப்பகல் லுஹர் தொழுதுகொள்ளலாம் என்று மார்க்கத்தை எடுத்துச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், ஊரில் அதுவரை கண்டிராத பணிவு பெருக்கெடுத்தது. நீங்க நில்லுங்க நானா, நன்மை ஒங்களுக்குத்தான். ஐயோ, நான் ஜும்ஆ விட்டதே இல்ல, நீங்க நில்லுங்க. எனக்கு முதல் வரிசை, தம்பி நிக்கட்டும். அந்த வெள்ளி பள்ளியில் காணாமல்போன ஆள் என்று பெயர் எடுக்க ஒருவனுக்கும் துணிச்சல் வரவில்லை. சண்டியனின் கத்தியைவிட, பக்கத்து வீட்டுக்காரன் 'எங்க தம்பி ஜும்ஆவுக்குக் காணல்ல?' என்று கேட்டுவிடுவானே என்ற பயம் பெரிது.

"ஜும்ஆ நேரத்துல ஊர அல்லாஹ் பாத்துக்குவான்," என்று ஹாஜியார் முடித்துவைத்தார்.

"அல்லாஹ் பாத்துக்குவான்தான்," என்றாள் மஸீனா. "பாத்துத்தான் பொம்புளைக்கும் ரெண்டு கை தந்தீக்கான். அக்குறணைக்கு ஒத்தரும் போகல்ல."

அந்தக் கிழமை முழுக்கக் காவற்கூட்டம் மாலைதோறும் பவனி வந்ததே, அதைப் பார்த்திருக்க வேண்டும்! பொல்லுச் சுழற்றிய காற்றில் மகாவலி கொஞ்சநேரம் மலையை நோக்கித் திரும்பி ஓடியது. ஒழுங்கை நாய்களெல்லாம் மரியாதையாக ஊரைவிட்டுப் போயின. மஸீனா வாசலில் நின்று பார்த்துப் பல்லைக் கடித்தாள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது.

அவள் வேறு கணக்குப் போட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்கொருத்தியாய் ஒளிந்தால், அவன் கதவுக்கொரு உதையாய் வந்து பறிப்பான். ஆகவே வெள்ளிக்கிழமை அவளும் தங்கையும் துணைக்கு ஒருத்தியும் ஓரிடத்தில், முன்கதவும் பின்கதவும் திறந்தபடி, வருகிறவன் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும்படி. இடம் அவள் வீட்டுப் பின்வளவு. வேலைக்கும் குறைவில்லை, பள்ளிக் கந்தூரி விருந்துக்கு மா இடிக்கச் சொல்லி ஹாஜியாரே ஒரு மூட்டை அரிசி அனுப்பியிருந்தார்.

பக்கத்து வீட்டு ஞானேஸ்வரியைப் போய்க் கேட்டாள். ஞானேஸ்வரியின் புருஷன் சேதுராமன் நகரசபையில் கிளாக்கர்.

"நான் வராமயா அக்கா? எங்க வீட்டுக்காரரு ஆபீஸ் போயிருவாரு. இருந்தாத்தான் என்னா, பல்லியப் பாத்தாக் கதிரையில ஏறி நிக்கிற வீரன்," என்றாள் ஞானேஸ்வரி. "ஆனா றமீலா வாயத் தொறக்கணும். நாம குத்துறது ரெண்டாவது. முதல்ல ஊருக்குக் கேக்கணும்."

மஸீனா தங்கையிடம் போய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், ஏசினாள், "ஒரே ஒரு கூ, குயில் மாதிரி" என்று கொஞ்சினாள். றமீலா வாயைத் திறந்தாள். காற்று வந்தது. ஒழுங்கையிலே யாரோ ஆம்பிளை இருமிக்கொண்டு போனான். உடனே வாய் மூடிக்கொண்டது. மஸீனா அன்று மூன்று வீட்டுக்குப் போதுமான விறகைத் தனியே கொத்தித் தள்ளினாள். கோபத்துக்கு ஒரு வேலை வேண்டுமே.

வெள்ளிக்கிழமை வந்தது. பாங்கு ஒலித்தது. காவற்கூட்டம் பள்ளிச் சுவரில் பொல்லுகளை வரிசையாகச் சாத்திவிட்டு, கால் கழுவி உள்ளே போனது. மஸீனாவின் பின்வளவில் உரலுக்கு இரண்டு பக்கமும் மஸீனாவும், தலைமுழுகிக் கொண்டை முடிந்த ஞானேஸ்வரியும் உலக்கையோடு நின்றார்கள். றமீலா வளவு அடுப்படியில் மா வறுத்தாள். முக்காடு கிழிந்த காதை மூடியிருந்தது. கையில் அந்த இரண்டு வளையலும் இருந்தன.

இரட்டை உலக்கை என்பது சும்மா வேலை இல்லை. ஒருத்தி தூக்கும்போது மற்றவள் போட வேண்டும். கண் உரலில் இருக்கக்கூடாது, மூச்சு ஒன்றாக இருக்க வேண்டும். பிசகினால் உலக்கையோடு உலக்கை மோதி மணிக்கட்டு போய்விடும். இவர்கள் இருவரும் ஊர்க்கதை முழுவதையும் பேசிக்கொண்டே ஒருதரம் மோதாமல் இடிப்பவர்கள்.

வேலியை உதைத்துக்கொண்டு அவன் வந்தான். கத்தி கையில் இருந்தது. மூன்று பொம்பிளைகளைப் பார்த்ததும் சிரித்தான்.

"ஓ, சபை கூடியிருக்கோ? இடிங்க, இடிங்க. நான் வந்த வேலையை முடிச்சிட்டுப் போறேன். ஏய், வளையல் கழண்டுச்சா இல்லையா?"

உலக்கைகள் நிற்கவில்லை. டும், டும். மஸீனாவின் கை இடித்தது. கண் தங்கையின் வாயில் இருந்தது. கத்துடி. கத்துடி என் கண்ணே. அவன் உரலைத் தாண்டி றமீலாவின் கையைப் பிடித்தான். அவள் உதட்டை மறுபடி கடித்தாள்.

"இந்தப் பொம்பிளைச் சாதிக்கு வாய் கிடையாது," என்று சொல்லிக்கொண்டே அவன் கத்தியை வளையலுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டான்.

அப்போதுதான் அது வந்தது.

அதைச் சத்தம் என்று சொன்னால் சத்தத்துக்கு அவமானம். கிழிந்த காதும், கடித்த உதடும், பிறந்ததிலிருந்து விழுங்கிவைத்த அத்தனையும் ஒன்றாய் வெளியே வந்தன. ஹந்தானைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் கூடையைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். கண்டிக்குப் போன பஸ், டிரைவர் கால் வைக்காமலே நின்றது. கண்டிக் குளத்து மீன்கள் கரைக்கு வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. பொம்பிளைக்கு வாய் இல்லை என்ற ஒரே நம்பிக்கையில் தொழில் நடத்தியவன், நெருப்பைத் தொட்டவன் போல ஓரடி பின்வாங்கினான்.

றமீலா கையிலிருந்த அகப்பையோடு வறுபட்டுச் சுடுகிற மாவை அவன் முகத்தில் வீசினாள். அவன் இன்னொரு அடி பின்வாங்கினான். அந்த அடி உரலடியில் வந்து விழுந்தது.

மஸீனா உலக்கையைப் போட்டாள், அவன் பாதத்தில். அவன் குனிந்தான். ஞானேஸ்வரி போட்டாள், கத்தி பிடித்த கையில். மஸீனா தூக்க ஞானேஸ்வரி, ஞானேஸ்வரி தூக்க மஸீனா. ஒருதரம் மோதவில்லை. கத்தி எங்கோ போனது, மீசை மாவில் வெளுத்தது, அவன் "உம்மா!" என்றும் "அம்மே!" என்றும் "ஐயோ!" என்றும் எல்லாப் பாஷையிலும் அழுதான்.

"இது காதுக்கு," என்றாள் மஸீனா. "இது மத்தக் காதுக்கு."

"போதும் அக்கா, செத்துருவான். அப்புறம் நாம ஜெயிலுக்குப் போகணும்," என்று ஞானேஸ்வரிதான் நிறுத்தினாள். நிறுத்தி, கொடிக்கயிற்றை அறுத்து அவனை உரலோடு சேர்த்துக் கட்டினாள்.

பள்ளிவாசலுக்குள்ளும் அந்தச் சத்தம் போகாமல் இல்லை. ஆனால் குத்பாப் பிரசங்கம் ஓதும் நேரம். பக்கத்திலிருப்பவனைப் பார்த்து 'பேசாதே' என்பதுகூட அப்போது பேச்சில் சேரும். எனவே காவற்கூட்டம் ஆடாமல் அசையாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, மற்றவன் எழும்பட்டும் என்று உட்கார்ந்திருந்தது. மக்கீன் ஒருவர்தான் எழும்பினார். நாலு பேரின் தோளையும் ஹாஜியாரின் விசிறியையும் தாண்டி மிதித்து, செருப்பில்லாமல் ஓடிவந்தார். வந்து பார்த்து, மனைவியின் கையிலிருந்த உலக்கையை மெல்ல வாங்கிச் சுவரில் சாத்தினார். பிறகு ஒன்றும் பேசாமல் றமீலாவுக்குத் தண்ணீர் வார்த்துக் கொடுத்தார்.

மற்றவர்கள் தொழுது முடித்து, பொல்லை எடுத்துக்கொண்டு, மிக வீரமாக வந்தார்கள்.

கண்டியிலிருந்து மலாய்க்காரப் பொலிஸ் சார்ஜன் ஒருவர் வந்தார். ஹாஜியார் மஸீனா வீட்டுப் பின்விறாந்தையில் அவருக்குக் கதிரை போட்டு, "எங்கட காவற்கூட்டந்தான் சார், விடாமப் புடிச்சாங்க," என்று தொடங்கினார்.

சார்ஜன் தமிழ் நன்றாகப் பேசினார். "நல்லது. இவன் தோட்டப் பறிச்சதக் கண்ட ஆள் யாரு? முன்னுக்கு வரட்டும்."

காவற்கூட்டம் கூரையைப் பார்த்தது.

"நான் தண்ணி கேட்டு வந்தவன் ஐயா," என்று உரலடியிலிருந்து முனகல் வந்தது. "இந்தப் பேய்ங்க சும்மா அடிச்சாளுக."

"கண்ட சாட்சி இல்லாட்டி இவன நாளைக்கே விட்டுருவாங்க," என்றார் சார்ஜன். "காது போன புள்ள எங்க?"

"அதுகள விடுங்க சார்," என்றார் ஹாஜியார். "குமருப் புள்ளைகள் ஈக்கிற ஊர். பொம்புள பொலிஸுக்கு முன்னால கதச்சா குடும்ப மானம் என்னாகும்? நான் செல்றன் அவட சார்பா."

மஸீனாவுக்கு உலக்கை இருந்த இடம் நினைவுக்கு வந்தது. ஆனால் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விறாந்தைக்கு நடுவிலே வந்து நின்றாள்.

"காது கிழிஞ்சப்ப ஒங்கட மானம் பள்ளியில ஈந்த ஹாஜியார். அவ கத்தினப்பவும் அங்கயேதான் ஈந்த. இப்ப மட்டும் எப்படி ஓடி வந்த? அவட காத அவதான் செல்வா. கேக்க ஏலாதவங்க எழும்பிப் போங்க!"

திரை விலகியது. றமீலா வெளியே வந்தாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். கிழிந்து தொங்கிய இரண்டு சதைத் துண்டையும் கண்டு, முன்வரிசைக்காரர் ஒருவர் தரையைப் பார்த்தார்.

அவள் பேசினாள். சரளமாக வந்தது: எந்த வாசலால் வந்தான், எந்தக் கையால் இழுத்தான், போகும்போது என்ன சொன்னான். குரல் விறாந்தையைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, பாலத்தில் நின்ற சனத்துக்கும் கேட்டது.

"கொஞ்சம் மெல்லக் கதைங்க மகள்," என்றார் ஹாஜியார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு.

"மெல்ல ஈந்துதான் காது போன, ஹாஜியார்."

சார்ஜன் பென்சிலைத் தீட்டிக்கொண்டு, முதலிலிருந்து இன்னொரு தரம் சொல்லும்படி கேட்டார். றமீலா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முன்னைவிட உரக்க, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். எழும்பிப் போக ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.