கழற்றாத மூடிகள்

வீட்டில் 'இன்ஜினியர்' என்று பெயர் வாங்கியிருந்த கணவனின் தம்பி, கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, புது கிராபிக்ஸ் கார்டைச் சொருகி, திருகுகளை முடுக்கி, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது அவனைக் கும்பிடலாம் போலிருந்தது அவளுக்கு. மரவேலைப் பட்டறை ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே சமையலறைகளை வரைந்து கொடுப்பவள் அவள். இனி வெறும் படம் போதாது, அறைக்குள் நடந்து பார்ப்பதுபோல் வீடியோ வேண்டும் என்று முதலாளி பதினைந்து நாள் கெடு வைத்துவிட்டார். வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வாராம்.

வீடியோ தடங்கலில்லாமல் ஓடவென்றே வாங்கிய கார்டு வந்த பிறகும் படம் நொண்டியடித்தது. அலமாரிக் கதவு பாதி திறந்து, யோசித்து நின்றது.

"கார்டுல ஒண்ணும் குறையில்ல அண்ணி. நீங்க வரையறதுதான் ரொம்ப கனமா இருக்கு. வெயிலு, நிழலுன்னு எதுக்கு இவ்வளவு?" என்றான் தம்பி.

அதோடு விட்டானா? முதலாளி ஃபோனில் விசாரித்தபோது, அவள் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி, "மெஷின் சூப்பரா இருக்கு சார். அண்ணி கத்துக்கத்தான் கொஞ்ச நாளாகும்" என்று ஊர் கேட்கச் சொன்னான். கணவனும் தலையை ஆட்டினான். தம்பி சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

பத்து நாள்! படத்திலிருந்து ஜன்னல் வெயிலை எடுத்தாள். மேடைக்கல்லின் வரிகளை அழித்தாள். அலமாரிக் கைப்பிடிகளையும் விடவில்லை. மிஞ்சியதை அனுப்பினால், "என்னம்மா இது, ஆஸ்பத்திரி ஸ்டோர் ரூம் மாதிரி இருக்கு?" என்றார் முதலாளி. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. தன் மண்டையில் நிஜமாகவே ஒன்றுமில்லையோ என்றுகூட நினைத்துவிட்டாள். 

பதினோராம் நாள் காலை, கழன்றிருந்த ஸ்பீக்கர் வயரை மாட்டப் பெட்டியைத் திருப்பினாள். புது கார்டின் துளைகள் இரண்டிலும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகள், கடையிலிருந்து வந்தபடியே இருந்தன. மானிட்டர் வயரோ மேலே, பழைய துளையிலேயே கிடந்தது. அடப்பாவி! பத்து நாளாகப் படம் அந்தக் கார்டு வழியாக வரவே இல்லை.

ஒரு மூடியைப் பிடுங்கி, வயரை மாற்றிச் சொருகி, ஆன் செய்தாள். முதல் நாள் வரைந்த படத்தைத் திறந்தாள். வெயிலும் நிழலுமாகச் சமையலறை வழுக்கிக்கொண்டு ஓடியது.

அவள் போட்ட சத்தத்தில் அண்ணனும் தம்பியும் ஓடிவந்தார்கள்.

"கூட்டும்போது நீங்கதான் மாத்திச் சொருகியிருப்பீங்க அண்ணி."

"மூடியையும் நான்தான் போட்டேனா?"

தம்பி எட்டிப் பார்த்தான். இன்னொரு மூடி இன்னும் அங்கேயே இருந்தது. அவன் மெல்ல அண்ணன் பக்கம் திரும்பி, "சாரிண்ணா" என்றான்.

"அண்ணனுக்கா? பத்து நாளா முட்டாள் பட்டம் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தது உங்க அண்ணனா?"

"விடும்மா, அதான் இப்ப ஓடுதே" என்றான் கணவன்.

"நீங்க வாயத் திறக்காதீங்க."

முதலாளிக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அன்னைக்குச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி இப்பவும் சொல்லுங்க."

"சார்... வயரைத் தப்பாச் சொருகினது நான்தான். அண்ணி வேலையில ஒரு குறையும் இல்ல."

"கேக்கலப்பா, சத்தமாச் சொல்லு" என்றார் முதலாளி.

இரண்டாம் தடவை வீடே கேட்டது.

"அப்படியா சேதி! சரி, முழு வீடியோ எப்ப வரும்?"

தம்பி பதில் சொல்ல வாயைத் திறந்தான். அவள் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"என் வேலைய என்கிட்டக் கேளுங்க சார். நான் சொல்றேன்."