ரூவுக்குக் கேட்காத தூரம்

என் கணவர் வீட்டுக்கு வரக்கூடாது என்று மாட்டு டாக்டர் ஆர்செனோ சொன்னபோது நான் சிரித்துவிட்டேன்.

"சிரிக்காதீங்க ஓடில். இந்த ஊசி முடியிற வரைக்கும் ரூ ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது. அவன் யாரைப் பார்த்தா குதிப்பான், சொல்லுங்க?"

கிளோவிஸைப் பார்த்தால்தான். கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் அவருக்கு வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. திரும்பி வரும்போது ஆற்றுப் பாலத்தில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். எங்கள் நாய் ரூ அதற்காக மாலையிலிருந்தே படகுத்துறைப் பலகையில் உட்கார்ந்திருப்பான், கம்போக் குழம்புக்கு மாவைக் கருக வறுத்த நிறத்தில்.

அங்கேதான் அவனைக் கொசு கடித்திருக்க வேண்டும். நோயுள்ள ஏதோ ஒரு நாயையோ நரியையோ கடித்த கொசு, ரத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகளையும் எடுத்துக்கொள்கிறது. அதன் உடம்பில் கொஞ்சம் வளர்ந்து, அடுத்த கடியில் அவை இறங்கிவிடுகின்றன. பிறகு மாதக்கணக்கில் நகர்ந்து நகர்ந்து இதயத்துக்குப் போய், நூல் நூலாக நீள்கின்றன. அதைத் தடுக்க மாதம் ஒரு மாத்திரை உண்டு. குளிர்காலத்தில் ஏது கொசு என்று இங்கே எல்லோரும் நிறுத்திவிடுவோம். போன கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வெக்கை தாங்காமல் கையில்லாத சட்டையோடுதான் வாசலில் உட்கார்ந்திருந்தோம்.

ஊசி புழுக்களைக் கொல்லும். செத்த புழு துண்டு துண்டாக நுரையீரலுக்குப் போகும். அந்த நேரத்தில் இதயம் வேகமாக அடித்தால் வழி அடைத்துக்கொள்ளும். அதனால் ரூ சமையலறைக் கூண்டில் இருந்தான். கிளோவிஸ் தன் தம்பி வீட்டில் இருந்தார்.

அவருடைய அழுக்குத் துணியைக்கூட நான் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை. போன் வந்தால் தெருக்கோடி வரை நடந்துபோய்ப் பேசுவேன். அந்தக் குரல் கேட்டால் ரூ கூண்டைப் பிறாண்டுவான். சாயங்காலம் இறால் மண்டிக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் சந்திப்போம். தூக்கில் கம்போ கொண்டுபோவேன்.

"பாதிரியார் கூப்பிட்டுப் பேசினார்," என்றார் ஒருநாள். "பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேளு, சேர்ந்து வாழுன்னு புத்தி சொல்றார்."

"கேட்டியா?"

"நாய்தான் சாமி என்னை விரட்டுச்சுன்னேன். குடிச்சிருக்கேன்னு நினைச்சுட்டார்."

"தினம் குடிக்கிறவன்தானே நீ, கிழவா."

சிரித்தார். பிறகு கரண்டியைத் தூக்குக்குள் வைத்துவிட்டு, "என்னைத் தேடுறானா?" என்றார்.

"இல்ல. நல்லாத் தூங்குறான்," என்றேன். பாலத்தில் எந்த வண்டி போனாலும் ரூ தலையைத் தூக்குவதை நான் சொல்லவில்லை.

கடைசி ஊசிகள் போட்ட வாரம் அவன் இருமினான். மறுநாள் இருமலில் ரத்தம் வந்தது. குதிக்கவில்லை, ஓடவில்லை, சொன்னபடியெல்லாம் சும்மாதான் கிடந்தான். டாக்டர் வீட்டுக்கே வந்து, மார்பில் வெகுநேரம் காதுக்குழாயை வைத்திருந்துவிட்டு, கூண்டின் கதவைத் திறந்தே விட்டார்.

"கிளோவிஸை வரச் சொல்லுங்க. இனி பரவாயில்ல."

அன்று தெருக்கோடிக்குப் போகவில்லை. ரூவின் பக்கத்தில் உட்கார்ந்தே போன் செய்தேன்.

"வீட்டுக்கு வா."

"வரலாமா? குணமாயிட்டானா?" அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"வாசல் வரைக்கும் வண்டியைக் கொண்டு வா, கிளோவிஸ்."

அந்தப் பக்கம் வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது. அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஹாரன் அடிக்கவா?"

"அடி."

இருட்டத் தொடங்கும்போது பாலத்திலிருந்து இரண்டு தடவை கேட்டது. ரூவின் காது நிமிர்ந்தது. வால் தரையில் ஒருமுறை தட்டியது.

கிளோவிஸ் அவனை அள்ளிக்கொண்டு போய்ப் படகுத்துறைப் பலகையில் மடியில் கிடத்திக்கொண்டார். கொசு மொய்த்தது. ரூவின் காதில் ஒன்று வந்து உட்கார, கிளோவிஸ் அதை ஊதி விரட்டிவிட்டுக் காதைத் தன் கையால் மூடினார். அது அவர் புறங்கையில் உட்கார்ந்து குடித்தது. அவர் கையை எடுக்கவில்லை. ரூவின் மூச்சு நின்ற பிறகும் எடுக்கவில்லை.